புதுப் பாதையில் ஓடும்போது கிலோமீட்டரை மறந்துவிடுங்கள்

நெடுந்தூர ஓட்டப் பயிற்சிக்கு நடுவே வாரத்தில் ஒரு நாளாவது புதிய மண்பாதையில் ஓடிப் பார்க்க நினைத்தால், அதை வேகப் பயிற்சி நாளில் வைக்காதீர்கள், நிதானமாக ஓடும் நாளில் வையுங்கள். தார்ச் சாலையில் 10 கிலோமீட்டர் ஓடும் நேரத்தில், கல்லும் வேரும் ஏற்றமும் உள்ள பாதையில் 7 கூட வராமல் போகலாம். அதனால் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கு வையுங்கள்: மொத்தம் 90 நிமிடம் என்றால் 40 ஆனதுமே திரும்பிவிடுங்கள், களைத்த காலோடு திரும்ப நேரம் கூடுதலாகவே பிடிக்கும். ஏற்றத்தில் நடப்பது தப்பே இல்லை, மலைப்பாதைப் பந்தயங்களில் முன்னணியில் வருபவர்களே செங்குத்தான இடங்களில் நடக்கத்தான் செய்கிறார்கள்.

காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால் வலி உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், ஆகவே அடுத்த 2 நாளும் ஓய்வோ மெல்லோட்டமோ போதும்.

அப்புறம், வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.