மரப் பைப்பின் சுவையைக் கெடுக்கும் சுத்தங்கள்

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் பக்கத்துப் பழைய வீடுகளின் அலமாரிகளில் புகையிலை புகைக்கும் மரப் பைப் ஒன்று கிடப்பது அரிதன்று. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் சிங்கப்பூரிலோ பினாங்கிலோ வாங்கியதாக இருக்கும். அல்லது 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிப்பதற்கு முன், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில், கொழும்பிலிருந்து வந்ததாக இருக்கும். வாப்பாவின் பைப் என்றோ தாத்தாவின் சுங்கான் என்றோ சொல்லி அதை எடுத்துத் துடைத்து மறுபடி புகைக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பித்தளைக் குடத்தையும் வள்ளத்துப் பலகையையும் தேக்கு நாற்காலியையும் பராமரிக்கும் வழக்கத்தை அவர்கள் அப்படியே பைப்புக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். நாற்காலிக்குள் யாரும் நெருப்பு வைப்பதில்லை. பைப்பின் மரத்துக்குள் எது ஊறுகிறதோ, அது சூடேறியதும் புகையோடு கலந்து நாக்குக்கு வந்து சேரும்.

நல்ல பைப்புகள் பெரும்பாலும் பிரையர் என்னும் மரத்தில் செய்யப்படுகின்றன. மத்தியதரைக் கடலோரங்களில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் வேரும் தண்டும் சேரும் இடத்தில் திரளும் முடிச்சு அது. அந்த முடிச்சை அறுத்து, அதன் சாறும் கசப்பும் வெளியேறும்வரை பல மணி நேரம் கொதிநீரில் வேகவைத்து, பிறகு மாதக்கணக்கில் நிழலில் உலர்த்திய பின்னரே கடைசலுக்கு எடுப்பார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கசப்பை வெளியேற்றிய மரத்துக்குள்தான் நாம் தேங்காய் எண்ணெயை ஊற்றுகிறோம்.

எண்ணெய்தான் இந்தக் கரையில் நான் மிகுதியாகக் காணும் தவறு. மரம் காய்ந்துவிட்டது, வெடித்துவிடும் என்ற அச்சத்தில், வள்ளத்துக்கு எண்ணெய் பூசுவதைப் போலக் புகையிலையை நிரப்பும் கிண்ணத்தின் உள்ளும் புறமும் தடவி ஊறவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடுவது. ராமநாதபுரத்து வெயிலில் அது உறைந்திருக்கும் நாள்கள் மிகக் குறைவு என்பதால், பூசிய இடத்தில் நில்லாமல் மரத்தின் நுண்துளை வழியே கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் சிக்கு வாடை பிடித்துவிடும். அப்படிப்பட்ட ஒரு பைப்பைக் கையில் எடுத்துக் கிண்ணத்தின் அடியை விரலால் அழுத்தித் தேய்த்தால் பிசுபிசுப்பு ஒட்டும். முகர்ந்தால் பழைய முறுக்கு டப்பாவைத் திறந்த வாடை வரும். அதில் எவ்வளவு உயர்ந்த புகையிலையைப் போட்டாலும் முதல் பாதி வரை எண்ணெய்தான் எரியும். நல்லெண்ணெய்க்கும் இதே கதிதான். வேப்பெண்ணெய் பூசப்பட்டதை மீட்பது ஏறத்தாழ இயலாத காரியம். பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்று பூசுகிறார்கள், அதன் பிறகு மனிதரும் அதைத் தொட முடிவதில்லை.

பைப் செய்பவர்களே எண்ணெய் பயன்படுத்துகிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. லண்டன் டன்ஹில் நிறுவனம் தன் மரத்தை எண்ணெயில் பதப்படுத்தியது உண்மைதான். ஆனால் ஊறிய எண்ணெயை நீண்ட நேரம் சூடேற்றி வெளியேற்றுவதும் அந்த முறையின் பாதி. வீட்டில் நாம் செய்வது முதல் பாதியை மட்டும்.

அடுத்தது உப்பு. பழைய பைப்பின் வாடையை எடுக்க, கிண்ணத்தில் உப்பை நிரப்பி அதன்மேல் ஆல்கஹாலைச் சொட்டவிட்டு ஓர் இரவு வைப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். தாரும் கசடும் உப்பில் ஏறி அது பழுப்பாகிவிடும். குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் அது ஓரளவு பாதுகாப்பானதாக இருக்கலாம். வாலிநோக்கத்தில் உப்பளமே வைத்திருக்கும் நமக்குக் கல் உப்பு மலிவு என்பதால் அதையே அள்ளிப் போடுவது இயல்பு. ஆனால் நன்கு கழுவப்படாத கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடு தங்கியிருக்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கசியத் தொடங்குகிறது. மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே தொடங்கிவிடுகிறது. கடலோரத்தில் இரவு ஈரப்பதம் எந்தப் பக்கம் நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சமையலறை உப்பு ஜாடியில் ஐப்பசி, கார்த்திகையில் நடப்பதுதான் மரத்தின் துளைகளுக்குள்ளும் நடக்கும்: உள்ளே புகுந்த உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து, வறண்ட நாளில் படிகமாகி, கிண்ணத்தின் சுவரை உள்ளிருந்து பிளக்கும். பிளக்காவிட்டாலும் புகை கரிக்கும்.

உப்பு செய்யும் வேலையைப் பஞ்சு செய்யும். மருந்துக் கடைப் பஞ்சைக் கிண்ணத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை தளர்வாக அடைத்து, கிண்ணத்திலிருந்து நீளும் காம்பின் துளையிலும் பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பியான பைப் கிளீனர் ஒன்றைச் செருகி, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் ஆல்கஹாலைச் சொட்டாகச் சேர்த்து, வாய்க்குழல் பொருந்தும் பக்கம் கிண்ணத்தின் விளிம்பைவிடத் தாழாதபடி சாய்த்து இரவு முழுதும் வைத்தால், காலையில் பஞ்சின் மேற்புறம் தேயிலைக் கஷாய நிறத்துக்கு வந்திருக்கும். அதை எறிந்துவிட்டுப் புதிய பஞ்சில் மறுபடி செய்யலாம். நிறம் வெளிறும்போது நிறுத்திவிட வேண்டும். ஆல்கஹால் வெளிப்புறத்தில் வழிந்தால் சாயமும் மெருகும் போய்விடும் என்பதால் பக்கத்தில் ஒரு துணி இருப்பது நல்லது.

எந்த ஆல்கஹால் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் பாலிஷ் வேலைக்கென்று விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும்; அது நஞ்சு, வாயில் வைக்கும் பொருளுக்குள் அதை ஊற்றவே கூடாது. மருந்துக் கடையின் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் குடிக்க முடியாதபடி கசப்பும் வாடையும் சேர்க்கப்பட்டதாக இருக்கக்கூடும். ஆவியானது போகும், கசப்பு தங்கும். பிராந்தியும் ரம்மும் நிறத்துக்காகச் சேர்த்த கருக்கிய சர்க்கரையை மரத்தில் விட்டுச்செல்வதால் பிசுக்காகிவிடும். எஞ்சுவது நிறமற்ற வோட்கா. நம் நாட்டில் விற்கும் வோட்காவில் வழக்கமாக 42.8 சதவீதமே ஆல்கஹால், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆகவே சுத்தம் செய்த மறுநாளே புகைப்பது இன்னொரு தவறு. கோடையில் மூன்று, நான்கு நாள்களும், அடைமழைக் காலத்தில் ஒரு வாரத்துக்கு மேலும் பைப்பை நிழலில், காற்றோட்டத்தில் விட்டுவிட வேண்டும். ஈரம் போகாத மரத்தில் நெருப்பு வைத்தால் ஆவி எழும்பி நாக்கைச் சுடும். பிறகு புகையிலைமேல் பழி வரும்.

உலர்த்துவதற்காக மொட்டை மாடி வெயிலில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். வெயிலில் மரத்தின் ஒரு பக்கம் மட்டும் சுருங்கிக் கீறல் விடும் என்பது ஒன்று. அதைவிட விரைவாகக் கெடுவது கறுப்பு வாய்க்குழல். பழைய பைப்புகளின் வாய்க்குழல் எபோனைட், அதாவது ரப்பரோடு மிகுதியான கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்தியது. வெளிச்சமும் ஈரமும் பட்டால் அந்தக் கந்தகம் மேற்பரப்புக்கு வந்து, கறுப்பு நிறம் பாசி பிடித்த பழுப்புப் பச்சையாக மாறி, உதட்டில் தீக்குச்சி மருந்தின் கசப்பு தட்டும். காரின் டாஷ்போர்டிலும் சன்னல் திண்டிலும் வைக்கப்பட்டவையே இப்படி ஆவதில் முன்னணி. பச்சையை எடுக்கப் பிளீச்சிங் நீரில் ஊறவைத்தால் மேற்பரப்பு குழிகுழியாகிச் சொரசொரத்துப் போகும். சாதாரண வெள்ளைப் பற்பசையை ஈரத் துணியில் வைத்துப் பொறுமையாகத் தேய்ப்பதே போதும். முற்றியதாக இருந்தால் நீர் தொட்டுத் தேய்க்கும் மிக நுண்ணிய உப்புத்தாளில் தொடங்கிப் பற்பசையில் முடிக்கலாம். புதிய பைப்புகளில் வரும் அக்ரிலிக் வாய்க்குழல் பச்சையாவதில்லை, ஆனால் ஆல்கஹால் பட்டால் அதில் தலைமுடி போன்ற விரிசல்கள் ஓடும். அதைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தினால் போதும். சோப்பு நீர் வாய்க்குழலோடு நின்றுவிட வேண்டும், மரத்துக்கு வரக்கூடாது.

வாய்க்குழலைக் கழற்றும் நேரமும் முக்கியம். புகைத்து முடித்த சூட்டோடு முறுக்கிக் கழற்றினால், வீங்கி இறுகியிருக்கும் காம்பின் துளை பிளக்கும், அல்லது அதற்குள் பொருந்தும் வாய்க்குழலின் முளை முறிந்து உள்ளே சிக்கும். கழற்றாமலே ஒரு பைப் கிளீனரை உள்ளே விட்டு ஈரத்தை எடுத்துவிட்டு, முழுதும் ஆறிய பிறகு கழற்றலாம். பைப் கிளீனருக்குப் பதிலாக விளக்குமாற்று ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி நுழைப்பது நம்மூர் உத்தி. பஞ்சு பாதியில் கழன்று துளையின் வளைவில் தங்கிவிடுகிறது, பனை ஈர்க்காக இருந்தால் நுனி முறிந்து கிண்ணத்தின் அடித்துளையை அடைக்கிறது. கம்பியை நெருப்பில் காய்ச்சி அதை எடுக்க முயல்பவர், அடைப்போடு சேர்த்து மரத்தையும் கருக்கி, துளையை அகலமாக்கிவிடுகிறார்.

கிண்ணத்தின் உட்சுவரில் படியும் கரிப் படலத்தைப் பற்றி இரண்டு எதிரெதிரான தவறுகள் உண்டு. அழுக்கு என்று நினைத்து மரம் தெரியும்வரை சுரண்டுவது ஒன்று. மரியாதை என்று நினைத்துத் தொடாமல் விடுவது மற்றொன்று. ஒரு மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரையிலான கரி, மரத்தை நெருப்பிலிருந்து காத்து, ஈரத்தையும் உறிஞ்சும். அதற்கு மேல் தடித்தால், சூட்டில் கரியும் மரமும் வெவ்வேறு அளவில் விரிவதால் கிண்ணம் வெடிக்கும். மலேயாவிலிருந்து வந்த பழைய பைப்புகளில் சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்குக் கரி தடித்திருப்பதைக் கண்டிருக்கிறேன். குறைப்பதற்குப் பேனாக்கத்தியை எடுப்பதே வழக்கம். கத்தியின் நுனி கிண்ணத்தின் அடியைக் குடைந்து, புகை வெளியேறும் துளைக்குக் கீழே ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. அந்தப் பள்ளத்தில் ஒவ்வொரு முறையும் நீர் தேங்கி, சாம்பலோடு சேர்ந்து குழம்பாகிறது. புளித்த சுவை என்று பலர் குறை சொல்வதன் பிறப்பிடம் பெரும்பாலும் இந்தப் பள்ளம்தான். கிண்ணத்தின் விட்டத்துக்குச் சற்றுச் சிறிய உருண்டைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, அழுத்தாமல் திருப்பித் திருப்பி எடுத்தால், கரி சீராகக் குறையும், கிண்ணத்தின் வட்டமும் கெடாது.

விளிம்பில் தார் கட்டி நின்றால் உப்புத்தாள் வேண்டாம். வெந்நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் துடைத்தால் கரைந்துவிடும். வெள்ளி அல்லது பித்தளைப் பூண் உள்ள பைப்பில் புளி தேய்ப்பது தனியாகச் சொல்லத்தக்க கேடு. பூண் பளபளக்கும், ஆனால் அதற்கும் மரத்துக்கும் இடையிலான இடுக்கில் புளித்தண்ணீர் இறங்கி மரத்தைக் கறுக்கச் செய்யும். பூணை உலர்ந்த மென்துணியால் தேய்த்தாலே போதுமான பளபளப்பு வரும்.

வாடையை வாசனையால் மூடுவதும் வீண். அத்தர், கிராம்புத் தைலம், பன்னீர் எல்லாம் முயன்று பார்க்கப்பட்டவை. பைப்புக்குள் போன வாசனை எளிதில் வெளியே வராது, எரிந்தபடி மட்டும் வரும். வைக்கும் இடத்திலும் இதே எச்சரிக்கை தேவை. பீரோவில் பட்டுப் புடவைக்குப் போட்ட பாச்சை உருண்டையின் வாடை ஒரே மழைக்காலத்தில் மரத்தில் ஏறிவிடும். கருவாடு வைத்த அலமாரியும் அப்படியே. பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பூக்கும். பருத்தித் துணிப் பையில், கிண்ணம் கீழாகவும் வாய்க்குழல் மேலாகவும், காற்று புழங்கும் இருட்டில் வைப்பதே சரி. ஒரே பைப்பை ஒரே நாளில் மறுபடி மறுபடி நிரப்புவதைத் தவிர்ப்பதும் இதில் அடங்கும். இந்தக் காற்றில் மரம் உலர ஒரு நாள் இடைவெளி குறைவே.

மெருகுக்கு வரும்போது ஆசை அதிகம், தேவை குறைவு. படகுக்குப் பூசும் வார்னிஷும் பாலியூரித்தேனும் கிண்ணத்தின் சூட்டில் கொப்புளிக்கும். அரக்குப் பாலிஷ் தடித்துப் பூசப்பட்டால் சூட்டில் இளகி, ஈரக் கை பட்டால் வெளுக்கும். செருப்புப் பாலிஷ் கைக்கும் சட்டைப் பைக்கும் சாயமேற்றும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடுவதால், இரண்டாவது முறை புகைப்பதற்குள் கிண்ணம் பிசுபிசுத்து விரல் ரேகை பதியும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் கார்னோபா மெழுகு 82 முதல் 86 டிகிரி வரை தாங்கும் என்பதால், பைப் செய்பவர்கள் அதையே விரும்புகிறார்கள். பனங்காட்டு ஊர்க்காரர்களுக்கு இது பிடித்துப்போக வேண்டிய செய்தி. டிரில் இயந்திரத்தில் பொருத்திய பருத்திச் சக்கரத்தில் மெழுகைச் சற்றுத் தொட்டு, கிண்ணத்தை ஓரிடத்தில் நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே காட்ட வேண்டும். நிறுத்தினால் சாயம் கருகும், அழுத்தினால் பைப் கையிலிருந்து பறந்து சுவரில் மோதும். சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைப்பில் மெழுகு பள்ளங்களில் வெள்ளையாக அடைந்துகொள்ளும். அதற்கு மெழுகைத் தவிர்த்துப் பழைய பல்துலக்கியால் தூசு தட்டினாலே போதும். எந்தப் பைப்பிலும் மெழுகு கிண்ணத்தின் உள்ளே போகக்கூடாது.

புகைக்கும் எண்ணமில்லாமல், நினைவுப் பொருளாக மட்டும் வைத்திருக்க விரும்புவோர் பலர். அவர்களை நான் மாற்ற முயல்வதில்லை. புகையை உள்ளிழுக்காமல் பைப் பிடிப்பவருக்கும் வாய்ப் புற்றுநோய் வரலாம் என்பதால் அது நல்ல முடிவே. ஆனால் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்காக வார்னிஷ் அடித்து, உள்ளே கரியைச் சுரண்டி, சிமென்ட் நிறப் பட்டியால் கீறலை மூடிக் கொண்டுவருபவரின் பேரனுக்கு என்றாவது ஒருநாள் அதைப் பற்றவைத்துப் பார்க்கத் தோன்றலாம். அப்போது வார்னிஷைச் சுரண்டுவதற்குள் மரத்தின் பாதி நிறம் போய்விடும். காட்சிக்கு வைப்பதற்கும் உலர்ந்த துணித் துடைப்பும், வருடத்துக்கொரு முறை மெல்லிய கார்னோபா மெழுகும், வாய்க்குழலுக்கு வெளிச்சமில்லாத மூலையும் போதும்.