அடிஸ் அபாபாவில் ஐந்து நாள்: கோலாலம்பூர், பினாங்கிலிருந்து போகிறவர்களுக்கு

கெந்திங் உச்சியில் உள்ள விடுதிகள் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபா அதற்கும் ஐந்நூறு மீட்டருக்கு மேல், சுமார் 2,350 மீட்டரில் இருக்கிறது. கெந்திங்கில் சில மணி நேரம் உலாவிவிட்டு இறங்கிவிடலாம். இங்கே அந்த உயரத்தில்தான் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், படியேற வேண்டும். எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதை உயரத்தை வைத்து முடிவு செய்தால் ஐந்து நாளும் உடம்பு ஒத்துழைக்கும். அதற்கும் முன்னால் முடிக்க வேண்டியது தடுப்பூசி.

மஞ்சள் காய்ச்சல் பரவும் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் எத்தியோப்பியா இருக்கிறது. அங்கிருந்து மலேசியா திரும்பும்போது தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. பலர் இதைப் போகும் நாட்டின் விதி என்று நினைத்துக்கொண்டு விசா கிடைத்ததும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சிக்கல் திரும்பி வரும்போது கேஎல்ஐஏவில் வருகிறது. சுகாதார அமைச்சு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். மற்ற கிளினிக் சீட்டு செல்லாது. ஒரே ஊசி போதும். சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லுபடியாகும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். சான்றிதழாகத் தரும் மஞ்சள் புத்தகத்தில் உள்ள பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கட்டும். 'அ/லெ', 'அ/பெ' விடுபட்டிருந்தால் அங்கேயே திருத்தி வாங்குங்கள்.

இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. அதனால் தட்டம்மை, சின்னம்மை போன்ற மற்ற உயிர்த் தடுப்பூசிகளை அதே நாளில் போட வேண்டும், அல்லது நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்வது நல்லது. நகரத்துக்குள் மலேரியா பரவுவதில்லை. தாழ்வான பள்ளத்தாக்குப் பகுதிகளுக்குப் போவதாக இருந்தால் மட்டும் மலேரியா மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

விசாவுக்கு எத்தியோப்பிய அரசின் இணைய விசாத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் கட்டணம் பிடுங்கும். எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் கேஎல்ஐஏவிலிருந்து பறக்கிறது. வழியில் எங்கே நிற்கிறது என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பினாங்குக்காரர்கள் உள்நாட்டு விமானத்தையும் அதையும் தனித்தனியாக வாங்கினால் நடுவே போதிய நேரம் விடுங்கள். எத்தியோப்பியாவின் வடக்கே அம்ஹாரா பகுதியில் மோதல்கள் நடந்துவருவதால், கிளம்பும் வாரத்தில் நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் பயண அறிவுரையைப் பாருங்கள். அதன் இ-கொன்சுலர் தளத்தில் பயணத்தைப் பதிவும் செய்துவிடுங்கள். முதல் பயணத்தில் தலைநகரோடு நிறுத்திக்கொள்வதே சரி.

பெருமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. தீபாவளி விடுப்பை ஒட்டிப் போனால் மழை ஓய்ந்து மலைச்சரிவு பச்சையாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவு, ஆனால் விடியற்காலையில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே போகும். சிறிய விடுதிகளில் ஹீட்டர் எதிர்பார்க்காதீர்கள். ஸ்வெட்டரும் காலுறையும் அவசியம். நண்பகலிலோ வெயில் தோலைச் சுடும். காற்று குளிர்ந்திருப்பதால் அது உறைக்காது, மாலையில் கழுத்து சிவந்த பிறகுதான் தெரியும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

பணத்துக்கு அமெரிக்க டாலர் கொண்டுபோங்கள். ரிங்கிட்டை அங்கே மாற்ற முடியாது. மஸ்ஜித் இந்தியாவிலோ ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலோ நாணய மாற்றுக் கடையில் வாங்கும்போது கிழிசல், மை, மடிப்பு இல்லாத புதிய நோட்டுகளாகக் கேளுங்கள். அங்குள்ள வங்கிகள் பழைய நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஜூலை 2024-இல் பிர் நாணயத்தின் மதிப்பைச் சந்தைக்கு விட்டுவிட்டார்கள். தெருவில் மாற்றுவது சட்டவிரோதம். அடிஸின் போலே விமான நிலையத்து வங்கிக் கவுண்டரில் மாற்றி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மலேசிய டெபிட் அட்டை வெளிநாட்டு ஏடிஎம்மில் வேலை செய்யாவிட்டால், பெரும்பாலும் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறக்காததுதான் காரணம். நம் மூன்று சதுரக்கால் பிளக் அங்கே நுழையாது. இரண்டு உருண்டைக் கால் அடாப்டர் வேண்டும். டிரோனை வீட்டில் விட்டுவிடுங்கள், அனுமதி இல்லாமல் வந்தால் விமான நிலையத்தில் பிடித்துவைப்பார்கள்.

இனி உயரம். அடிஸில் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் முக்கால் பங்குதான் கிடைக்கும். முதல் நாள் லேசான தலைவலி, மாடிப்படியில் மூச்சு வாங்குதல், நள்ளிரவில் திடீரென விழித்துக்கொள்ளுதல் எல்லாம் சகஜம். நிறையத் தண்ணீர் குடியுங்கள். முதல் இரவு மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம், இரண்டுமே தூக்கத்தில் மூச்சை மந்தப்படுத்தும். தலைவலி கூடிக்கொண்டே போய் வாந்தியும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்துமா, இதய நோய், இரத்தசோகை உள்ளவர்கள் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சமையலிலும் உயரம் தெரியும். தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொண்டுபோன மெகிக்கு இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகத் தேவை. பிரஷர் இல்லாத சின்னக் குக்கரில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். ஊறுகாய் பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள், காற்றழுத்தம் குறைந்ததும் எண்ணெய் கசியும்.

ஆகவே முதல் நாள் மெஸ்கெல் சதுக்கத்தோடு நிறுத்துங்கள். அதன் ஓரத்திலேயே 'சிவப்பு பயங்கரவாத' தியாகிகள் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. டெர்க் ராணுவ ஆட்சியில் கொல்லப்பட்டவர்களின் படங்களும் எலும்புகளும் அங்கே உள்ளன. சிறிய இடம், மனத்துக்குக் கனமானது. சிறு பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். இரண்டாம் நாள் அராத் கிலோ, சிதிஸ்த் கிலோ என்ற பகுதிகள் பக்கம். தேசிய அருங்காட்சியகத்தில் 1974-இல் ஹதாரில் கிடைத்த, 32 லட்சம் ஆண்டுப் பழைமையான மனித மூதாதையின் எலும்புக்கூடான 'லூசி' இருக்கிறாள். பார்வைக்கு வைத்திருப்பது பொதுவாக வார்ப்புப் பிரதி, அசல் எலும்புகள் காப்பறையில். அதோடு திரும்பிவிடாமல் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இனவியல் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். பேரரசர் ஹைலே செலாசியின் பழைய அரண்மனை அது. அவருடைய படுக்கையறை, குளியலறை, இசைக்கருவிகள், தேவாலய ஓவியங்கள் என இந்நகரில் மிக நன்றாக அமைந்த காட்சிக்கூடம் என்று சொல்வேன். நுழைவாயிலில் கடப்பிதழ் கேட்பார்கள். பேரரசரின் கல்லறை உள்ள திரித்துவப் பேராலயமும் பக்கம்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும்.

என்டோட்டோ மலையை மூன்றாம் நாளுக்கு வையுங்கள். அது 3,000 மீட்டரைத் தாண்டுகிறது. முதல் நாளே ஏறி மயங்கி உட்காருகிறவர்கள் உண்டு. 1889-இல் இரண்டாம் மெனெலிக் முடிசூடிய மரியம் தேவாலயமும் யூக்கலிப்டஸ் காடும் அங்கே இருக்கின்றன. காலையிலேயே போனால் நகரம் முழுவதும் தெரியும். நான்காம் நாள் மெர்காட்டோ சந்தை; வழிகாட்டியோடு போங்கள், கைப்பேசி உள்பையில் இருக்கட்டும். ஒருவர் உங்கள் சட்டையில் எச்சில் படச் செய்து துடைக்க வரும்போது இன்னொருவர் பையைத் துழாவுவது அங்கே பழைய உத்தி. 'காபிச் சடங்கு பார்க்க வீட்டுக்கு வாருங்கள்' என்று தெருவில் அழைக்கும் இளைஞர்களோடும் போகாதீர்கள், கடைசியில் பெரிய பில் நீட்டுவார்கள். உண்மையான சடங்கை எந்த நல்ல உணவகத்திலும் பார்க்கலாம். பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, இடித்து, அபோல், தோனா, பரகா என மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றும் முடியும்வரை உட்கார்ந்திருப்பதே மரியாதை.

கிராப் இங்கே கிடையாது. 'ரைட்', 'ஃபெரஸ்' செயலிகளைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அரண்மனை, ராணுவக் கட்டடம், போலீஸ் ஆகியவற்றைப் படம் எடுக்காதீர்கள்.

நேரம் சொல்லும்போது கவனமாக இருங்கள். அங்கே பகல் சூரியனோடு தொடங்கும். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. ஓட்டுநர் 'இரண்டு மணிக்கு வருகிறேன்' என்றால் காலை எட்டாக இருக்கலாம். 'ஹபேஷா நேரமா, ஃபெரஞ்சி நேரமா' (எத்தியோப்பியர் நேரமா, வெளிநாட்டார் நேரமா) என்று கேட்டு உறுதி செய்யுங்கள். விமான டிக்கெட்டில் மட்டும் சர்வதேச நேரம்தான் இருக்கும். மலேசியாவைவிட ஐந்து மணி நேரம் பின்.

சைவர்களுக்கு அடிஸ் மிக நல்ல ஊர். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியிலும் பெரிய நோன்பின் 55 நாளிலும் இறைச்சி, பால், முட்டை தொடுவதில்லை. 'யெட்ஸோம் பெயாய்நெத்து' என்று கேட்டால் டெஃப் என்ற சிறுதானியத்தின் புளித்த மாவில் சுட்ட, தோசை போன்ற இஞ்செராவின் மேல் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட் வரிசையாக வரும். நோன்பு நாளிலும் மீன் பரிமாறும் கடைகள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். ஷிரோ கடலைமாவுக் குழம்புதான், ஆனால் 'போசெனா ஷிரோ' என்று வாங்கினால் அதில் மாட்டிறைச்சி இருக்கும். கிட்ஃபோ பச்சை மாட்டிறைச்சி. டிப்ஸ் வறுவலை மாட்டிலும் ஆட்டிலும் செய்வார்கள். மாடு சாப்பிடாதவர்கள் 'பெரெ' என்றால் மாடு, 'பெக்' என்றால் செம்மறி, 'டோரோ' என்றால் கோழி என்று நினைவில் வைத்தால் போதும். குழாய்த் தண்ணீரும் பச்சை சாலட்டும் வேண்டாம்.

காபி வாங்கினால் வறுத்ததாகவே வாங்குங்கள். பச்சைக் கொட்டைக்கு மலேசியாவில் தாவர இறக்குமதி விதிகள் குறுக்கே வரும். மீதி பிர்ரையும் அங்கேயே செலவழித்துவிடுங்கள், கோலாலம்பூர் கடைகளில் அதை வாங்க மாட்டார்கள். போலே முனையத்தில் கட்டடத்துக்குள் நுழையும்போதே ஒரு சோதனை, குடிநுழைவுக்குப் பிறகு இன்னொன்று என இருப்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.