லப்டொப்பில் கேம் விளையாடும்போது சூட்டைக் குறைக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

வைகாசி பிறந்து கச்சான் வீசத் தொடங்கினால், திருகோணமலையில் லப்டொப்பில் கேம் விளையாடுகிறவர்களிடம் ஒரே முறைப்பாட்டைத்தான் கேட்கலாம். ஃபேன் இரைகிறது, கீபோர்டில் விரல் வைக்க முடியவில்லை, அரை மணி நேரம் போனதும் படம் விக்கி விக்கி ஓடுகிறது. உடனே லப்டொப்புக்கு அடியில் வைக்கும் ஃபேன் தட்டான கூலிங் பேட் வாங்குவதா, புரொசசருக்கும் அதைக் குளிர்விக்கும் உலோகத்துக்கும் இடையே பூசும் பேஸ்ட்டை மாற்றுவதா என்று கேட்பார்கள். இரண்டும் தேவைப்படலாம். ஆனால் அவ்வளவு சூட்டைப் புரொசசர் உண்டாக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. செலவே இல்லாமல் அதிகப் பலன் கிடைப்பது அந்த இடத்தில்தான்.

அதற்கு முதல், எண்களைச் சரியாகப் படிக்க வேண்டும். 95 டிகிரியைக் கண்டதும் பயந்துபோய்க் கடைக்கு ஓடுகிறவர்கள் பலர். இன்டெல் ஐ7 12700எச் புரொசசரின் எல்லை 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 7 5800எச்சுக்கு 105. அந்த எல்லையைத் தொட்டால் புரொசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். கேம் லோட் ஆகும்போது ஒரு கணம் 95க்குப் போய் இறங்குவது கோளாறு இல்லை. விளையாடும் நேரம் முழுக்க எல்லையிலேயே ஒட்டி நின்று, வேகமும் விழுகிறதென்றால்தான் கை வைக்க வேண்டும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் தெரிவது கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை, புரொசசருடையது அல்ல. ஆகவே எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, அரை மணி நேரம் விளையாடிவிட்டு, உச்ச எண்ணைவிட சராசரி எண்ணைப் பாருங்கள்.

யூடியூப் விமர்சனத்தில் 82 காட்டிய அதே லப்டொப் நம் வீட்டில் 94 காட்டுகிறதே என்றும் மனம் உடையத் தேவையில்லை. அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் நடப்பவை. இங்கே மே முதல் ஆகஸ்ட் வரை பகல் வெயில் 33, 34 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். சீற் போட்ட வீடென்றால் அறைக்குள் இன்னும் கூடுதல். அறையில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் ஏறக்குறைய அப்படியே புரொசசரிலும் ஏறும். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு விளையாடினால் சில டிகிரி குறைவது இதனால்தான்.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? புரொசசர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. டர்போவில், அதாவது தேவைப்படும்போது புரொசசர் தானாக எடுக்கும் கூடுதல் வேகத்தில், மேலே போகப் போக அதற்கு மின்னழுத்தமும் கூடுதலாகத் தேவை. மின்னழுத்தம் பத்து சதவீதம் கூடினால், அதனால் மட்டுமே மின்செலவு இருபது சதவீதத்துக்கு மேல் ஏறும், ஏனென்றால் அது வர்க்கத்தில் பெருகுகிறது. ஆகவே வேகத்தின் கடைசிச் சிறு பங்குக்குத்தான் மிகப் பெரிய விலை கொடுக்கிறோம். 4.6 கிகாஹேர்ட்ஸில் கொதிக்கும் புரொசசரை 3.8இல் நிறுத்தினால், பல கேம்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வெப்பநிலையோ நன்றாக இறங்கிவிடும்.

இதைக் கேள்விப்பட்டவர்கள் செய்யும் அடுத்த தவறு, விண்டோஸின் பவர் ஆப்ஷனில் மேக்சிமம் புரொசசர் ஸ்டேட்டை 99 சதவீதமாக வைப்பது. ஒரு சதவீதம்தானே குறைகிறது என்று தோன்றும். உண்மையில் டர்போ முழுவதும் அணைந்துவிடும். நான் சொன்ன 12700எச்சில் 4.7 வரை போகக்கூடிய கோர்கள் 2.3 அளவிலேயே நின்றுவிடலாம். சூடு குறையும், மறுக்கவில்லை. ஆனால் புரொசசரை நம்பி ஓடும் வாலரன்ட் மாதிரியான கேம்கள் தள்ளாடும். அவசரத்துக்கு இதைச் செய்யலாம், நிரந்தரத் தீர்வாக வைக்கக் கூடாது. இன்டெல் என்றால் த்ரொட்டில்ஸ்டொப் என்ற இலவசக் கருவியில் டர்போ வேகத்தையோ, புரொசசர் இழுக்கும் வாட் அளவையோ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். அது சிக்கலாகத் தெரிந்தால், லப்டொப் நிறுவனம் கொடுத்திருக்கும் மென்பொருளில் டர்போ, பெர்ஃபோமன்ஸ் என்று இருப்பதை விட்டுவிட்டு பேலன்ஸ்ட் முறைக்கு வாருங்கள். எந்த நேரமும் உச்ச முறையிலேயே வைத்திருப்பது நம் காலநிலைக்குப் பொருந்தாது.

இதைவிட எளிதானது ஃப்ரேம் எண்ணிக்கைக்கு, அதாவது கேம் நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கைக்கு, எல்லை போடுவது. ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய விருப்பம் என்றால் இதைச் செய்யுங்கள். திரை 60 ஹேர்ட்ஸாக இருக்கும்போது கேம் 170 ஃப்ரேம் ஓடினால், நொடிக்கு 60 படத்துக்கு மேல் அந்தத் திரையால் காட்ட முடியாது. மிச்சத்துக்குச் செலவாகும் மின்சாரமெல்லாம் அறையைச் சூடாக்கத்தான் போகிறது. போட்டி கேம் விளையாடுகிறவர்கள் விசையை அழுத்தியது திரையில் தெரியும் வரையான தாமதத்தைக் குறைக்க அதிக ஃப்ரேம் கேட்பார்கள், அது நியாயம். கதையோடு போகும் கேமுக்கு அது தேவையே இல்லை. என்விடியா கன்ட்ரோல் பேனலில் 2020 முதல் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் என்ற வசதி இருக்கிறது. பல கேம்களின் செட்டிங்குக்குள்ளேயும் இருக்கும். பெரும்பாலான கேமிங் லப்டொப்களில் புரொசசரும் கிராபிக்ஸும் ஒரே செப்புக் குழாய்களைப் பகிர்கின்றன. ஆகவே கிராபிக்ஸின் சுமையைக் குறைத்தால் புரொசசருக்கும் இளைப்பாறல் கிடைக்கும்.

அண்டர்வோல்ட் செய்வதை, அதாவது வேகத்தைக் குறைக்காமல் புரொசசருக்குப் போகும் மின்னழுத்தத்தை மட்டும் குறைப்பதைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் எல்லா லப்டொப்பிலும் முடியாது. 2019 டிசம்பரில் மின்னழுத்தத்தை மாற்றித் தாக்க வழிவிடும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபின், பல நிறுவனங்கள் லப்டொப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸின் அப்டேட் மூலம் அந்த வசதியைப் பூட்டிவிட்டன. பூட்டைத் திறக்க எங்கிருந்தோ பதிவிறக்கிய பயோஸை ஏற்றாதீர்கள். லப்டொப் மறுபடி உயிர் வராமலே போகலாம்.

காற்றுப் போகும் வழிக்கு வருவோம். மெத்தையில் வைத்து விளையாடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வைக்கிறார்கள். அடிப்பகுதியால் உறிஞ்சிப் பின்பக்கத்தாலும் ஓரத்தாலும் தள்ளும் அமைப்பில், மெத்தை உறிஞ்சும் வழியையே அடைத்துவிடும். மேசையில் வைத்தாலும் சுவரோடு ஒட்ட வைத்தால், வெளியே வந்த சூடான காற்று சுவரில் பட்டு மறுபடி அடியால் உள்ளே போகும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வைத்தாலே, மலிவான கூலிங் பேட் ஒன்று தரும் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஸ்டாண்ட் ஃபேன் வைக்கிறவர்கள் அதைச் சூடான காற்று வரும் பக்கத்துக்கு எதிரே வைக்காதீர்கள், வெளியேறும் காற்றையே திருப்பி உள்ளே தள்ளும். தூசிக்குப் பயந்து கீபோர்டுக்கு மேல் சிலிக்கன் உறை போடும் பழக்கம் இங்கே அதிகம். சில லப்டொப்கள் கீபோர்டு வழியாகவும் காற்றை இழுக்கும். விளையாடும்போது அந்த உறையைக் கழற்றி வையுங்கள்.

ஐஸ் கட்டி, ஈரத் துவாய், பிரிட்ஜில் வைத்த ஜெல் பை, இவற்றில் எதையும் லப்டொப்புக்குக் கிட்டக் கொண்டு போகாதீர்கள். கடல் சூழ்ந்த ஊர் இது. குளிர்த் தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்துச் சில நிமிடத்தில் அடியில் குளம் கட்டுவதைப் பார்க்கிறோம் இல்லையா, குளிர்ந்த உலோகத்திலும் அதேதான் நடக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் மதர்போர்டுக்குப் பக்கத்தில். அப்படி நனைந்த போர்டைக் காப்பாற்றுவது கடினம்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலை நோக்கிய ஜன்னலருகே விளையாடுவது சுகமாகத்தான் இருக்கும். அந்தக் காற்றில் உப்பும் வருகிறது. உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஈரத்தில் புழுதி ஒட்டும், கச்சான் காலத்துப் புழுதியோ கொஞ்சநஞ்சமல்ல. சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கும் ஃபேனுக்கும் இடையே அது படலமாகப் படிந்துவிட்டால் எந்த செட்டிங்கும் உதவாது. கடற்கரையோரம் இருப்பவர்கள் ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. வெளியிலிருந்து ப்ளோவரால் ஊதுவது பெரிய தவறு, படலம் இன்னும் உள்ளே போய் இறுகும். ஃபேனும் அளவுக்கு மீறிச் சுழன்று பழுதாகும். அடி மூடியைக் கழற்றி, முதலில் பற்றரி இணைப்பைப் பிரித்து, ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான பிரஷால் துடைத்து எடுங்கள். வக்யூம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், நிலைமின்னால் சிப்புகள் கெடலாம்.

பேஸ்ட் மாற்றுவது இதற்கெல்லாம் பிறகுதான். நல்ல பேஸ்ட் என்று லிக்விட் மெட்டல் என்ற திரவ உலோகத்தை வாங்கிப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், ஒரு துளி சிந்தினால் போர்ட் ஷோர்ட் ஆகும். சில லப்டொப்களுக்குத் தொழிற்சாலையிலேயே அதைப் பூசியிருப்பார்கள், அவற்றைப் பழக்கமில்லாதவர் திறக்கவே கூடாது. சாதாரண பேஸ்ட் என்றால், லப்டொப்பின் மூடியில்லாத சிப் முழுவதும் மெல்லியதாக மூடும்படி பூச வேண்டும். நீர்த்த பேஸ்ட் சில மாதத்தில் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், ஆகவே கெட்டியானதே நல்லது. கிராபிக்ஸ் மெமரிக்கு மேலுள்ள தேர்மல் பேட், அதாவது வெப்பத்தைக் கடத்தும் மென்மையான பட்டை, கிழிந்தால் அதே தடிப்பில்தான் மாற்ற வேண்டும். தடிப்பு கூடினால் ஹீட்சிங்க் புரொசசரில் சரியாக உட்காராது. மாற்றியபின் சூடு கூடிவிட்டது என்று வருகிற பல லப்டொப்களில் காரணம் இதுதான். ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் அடித்திருப்பார்கள், அந்த வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கடையில் கொடுத்துச் செய்விப்பதானால், கொடுக்கும் முன் அதே கேமை அதே செட்டிங்கில் அரை மணி நேரம் ஓட்டிச் சராசரி வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். எந்த பேஸ்ட், எந்தத் தடிப்பில் பேட் என்று கேளுங்கள். திரும்ப எடுத்த அன்றே வீட்டில் அதே நேரத்தில், அதே அறையில் மறுபடி ஓட்டி, இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். ஐந்து டிகிரி கூட இறங்கவில்லை என்றால் லப்டொப்பைத் திரும்பக் கொண்டு போய், ஹீட்சிங்க் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.