பிளஸ் டூ நுண்கணிதம்: தேர்வுக்கு முந்தைய பத்து நாளில் என்ன செய்வது?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணிதத்தின் 7, 8, 9, 10 ஆகிய நான்கு பாடங்கள் நுண்கணிதம். இவற்றில் மதிப்பெண் போவது பெரும்பாலும் சூத்திரம் தெரியாததால் அல்ல. வரிகளை முன்பின்னாக எழுதிவிடுவதால்தான்.

முதல் இரண்டு நாள்: பிளஸ் ஒன் பாக்கி

வெற்றுத்தாளில் வகையிடல், தொகையிடல் சூத்திரங்களைப் பார்க்காமல் எழுதுங்கள். சைனை வகையிட்டால் காஸ், தொகையிட்டால் மைனஸ் காஸ். இந்தக் குறி மாறினால் ஐந்து மதிப்பெண் கணக்கே சரிந்துவிடும். தவறியவற்றை மட்டும் மறுநாள் காலை மீண்டும் எழுதுங்கள். இதை முடிக்காமல் பிளஸ் டூ கணக்கில் கை வைக்காதீர்கள்.

அடுத்த மூன்று நாள்: 7-ஆம் பாடம்

மாறுவீதக் கணக்கில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அடிப்பகுதி விநாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் சுவரை விட்டு விலகுகிறது. அடி 3 மீட்டர் தொலைவில் இருக்கும்போது உச்சி என்ன வேகத்தில் இறங்கும்?

படம் வரைந்து, முதல் வரி: தொலைவு² + உயரம்² = 25. இங்கேயே 3-ஐயும் 4-ஐயும் போட்டுவிடத் தோன்றும். போட்டால் 9 + 16 = 25 என்று எல்லாமே மாறிலி ஆகிவிடும்; வகையிட்டால் பூச்சியம்தான் மிஞ்சும். எனவே முதலில் நேரத்தைப் பொறுத்து வகையிடுங்கள், எண்களை அதற்குப் பிறகு போடுங்கள்:

தொலைவு × தொலைவின் வீதம் + உயரம் × உயரத்தின் வீதம் = 0
3 × 0.5 + 4 × உயரத்தின் வீதம் = 0

விடை −0.375. மைனஸ் வந்தால் பயந்து அழித்துவிடாதீர்கள், உயரம் குறைகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. "உச்சி விநாடிக்கு 0.375 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது" என்று அலகோடு முடியுங்கள்.

பிறகு இரண்டு நாள்: பரப்பு

ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் என்ற வளைவரை, எக்ஸ் அச்சு, எக்ஸ் = 0, எக்ஸ் = 5 இவற்றுக்கு இடையே உள்ள பரப்பு என்ன? நேராகத் தொகையிட்டால் −25/3 வரும். பரப்பு மைனஸில் வராது. வளைவரை 0 முதல் 4 வரை அச்சுக்குக் கீழே, 4 முதல் 5 வரை மேலே. தனித்தனியே எடுத்தால் 32/3 + 7/3 = 13 சதுர அலகு. ஒரு சின்னப் படம் போட்டிருந்தால் இந்தத் தவறு வரவே வராது. படம் போடுவதை நேர விரயமாக நினைக்காதீர்கள்.

மேலும் இரண்டு நாள்: வகைக்கெழுச் சமன்பாடு

எக்ஸ் × (ஒய்-யின் வகைக்கெழு) + 2ஒய் = எக்ஸ்³. முதல் வேலை, முழுவதையும் எக்ஸால் வகுப்பது. வகுக்காமல் விட்டால் தொகையீட்டுக் காரணியே தப்பாகிவிடும். வகுத்தபின் காரணி எக்ஸ்². தொகையிட்டால் ஒய் × எக்ஸ்² = எக்ஸ்⁵/5 + சி. தொகையிட்ட அதே வரியில் சி-யைப் போட்டுவிடுங்கள். எக்ஸ்²-ஆல் வகுத்துவிட்டுக் கடைசியில் ஒட்டவைத்தால் விடை தவறு, ஏனென்றால் அங்கே வர வேண்டியது சி/எக்ஸ்².

கடைசி நாள்: 8-ஆம் பாடமும் கடிகாரமும்

8-ஆம் பாடத்தின் பகுதி வகைக்கெழு எளிது. ஒரு மாறியை வகையிடும்போது மற்றதை மாறிலியாக வைத்தால் போதும். அரை நாளில் முடியும்.

மீதி அரை நாளில் மூன்று மணி நேர மாதிரித் தேர்வு ஒன்றை முழுமையாக எழுதுங்கள். மொத்தம் 90 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 20-க்கு 25 நிமிடம், இரண்டு மதிப்பெண் 7-க்கு 25, மூன்று மதிப்பெண் 7-க்கு 40, ஐந்து மதிப்பெண் 7-க்கு 75. மீதி 15 நிமிடம் சரிபார்க்க. 30, 40-ஆவது வினாக்கள் கட்டாயம், விட்டுவிடாதீர்கள். ஒரு மதிப்பெண் வினாவில் குறியீட்டை மட்டும் எழுதாமல் விடையையும் சேர்த்து எழுதுங்கள்.