பீச்வொர்த்: முதல் நாள் ஊர், மறுநாள் ஒயின்

பீச்வொர்த், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு பழைய தங்கச் சுரங்க ஊர். மெல்பர்னிலிருந்து வடகிழக்கே சுமார் 280 கி.மீ. காரில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஹ்யூம் நெடுஞ்சாலையில் போய் வாங்கரட்டாவில் பிரிய வேண்டும். ரயிலில் வருபவர்கள் ஆல்பரி வண்டியில் ஏறி வாங்கரட்டாவில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். ஆனால் பேருந்து அடிக்கடி கிடையாது. ரயில் டிக்கெட் எடுக்கும்போதே இணைப்புப் பேருந்தின் நேரத்தையும் பார்த்துவிடுங்கள்.

பலர் செய்யும் தவறு, ஒரே நாளில் ஊரையும் ஒயினையும் முடிக்கப் பார்ப்பது. ஒரு பேக்கரி, ஒரு நீதிமன்றம், அவசர அவசரமாக இரண்டு திராட்சைத் தோட்டம் என்று போய்விடும். இரண்டு இரவு தங்குங்கள். ஈஸ்டர் சமயத்தில் திருவிழா நடப்பதால் அறைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். ஏப்ரல் கடைசியில் இலைகள் நிறம் மாறும்போது ஊர் இன்னும் அழகு. இரவில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

1852-இல் இங்கே தங்கம் கிடைத்தது. அந்தப் பணத்தில் எழுந்தவைதான் ஃபோர்ட் தெருவின் தேன்நிறக் கருங்கல் கட்டடங்கள். காரை நிறுத்திவிட்டு நடந்தே பார்க்கலாம். முதலில் நீதிமன்றம். கொள்ளைக்காரன் நெட் கெல்லியை 1880 ஆகஸ்டில் இங்கேதான் விசாரித்து, மேல் விசாரணைக்கு அனுப்பினார்கள். வழக்கு மெல்பர்னுக்கு மாறி, அதே ஆண்டு நவம்பர் 11 அன்று அங்கே தூக்கிலிட்டார்கள். பக்கத்திலேயே தந்தி நிலையம். லாக் தெருவில் பர்க் அருங்காட்சியகம். கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கப் போய் உயிர்விட்ட ராபர்ட் ஓ'ஹாரா பர்க், அதற்கு முன் இந்த ஊரில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர்.

அடுத்து கல்லறைத் தோட்டம். பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள், நாங்களானால் நீதிமன்றத்தைவிட இதற்கே அதிக நேரம் ஒதுக்கச் சொல்வோம். தங்கம் தேடி வந்த சீனர்களின் பகுதியில் இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன. பிணம் எரிக்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள்: முன்னோருக்காகக் காகிதக் காணிக்கைகளை எரிக்கக் கட்டியவை அவை. உடல்கள் மண்ணில்தான் இருக்கின்றன. சாயங்காலம் பள்ளத்தாக்குச் சாலையில் ஒரு சுற்று வந்தால் 1859-இல் கட்டிய வெடிமருந்துக் கிடங்கைப் பார்க்கலாம்.

மறுநாள் ஒயின். பீச்வொர்த் தோட்டங்கள் சிறியவை, சார்டனே என்ற வெள்ளை ஒயினுக்குப் பேர்போனவை. பலவற்றில் முன்பதிவு இல்லாமல் கதவு திறக்காது. தயாரிப்பவரே வந்து ஊற்றித் தரும் இடங்கள் உண்டு, அறுவடை சமயத்தில் அவருக்கு நேரம் இருக்காது. சில வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, ஒரு நாளைக்கு மூன்று இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்பதிவு கிடைக்காவிட்டால் அக்கம்பக்கத்து ஊர்களான மிலாவாவுக்கோ ரதர்க்ளெனுக்கோ போகலாம். அங்கே பெரிய தோட்டங்கள் இருக்கின்றன. ரதர்க்ளெனின் மஸ்கட் என்ற ஒயின் பாகுபோல் இனிக்கும், ஆனால் ஆல்கஹால் 17-18 சதவீதம்.

வண்டி ஓட்டுபவருக்குக் கணக்கு முக்கியம். விக்டோரியாவில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தொடக்கூடாது, புது உரிமக்காரர்களுக்குப் பூஜ்யம். 13 சதவீத ஒயின் 100 மி.லி. என்றால் ஏறக்குறைய ஒரு 'ஸ்டாண்டர்டு டிரிங்க்' (10 கிராம் ஆல்கஹால் உள்ள அளவு). மஸ்கட்டில் 70 மி.லி.யிலேயே அது வந்துவிடும். ருசி பார்க்க 20 மி.லி. ஊற்றினாலும் ஐந்து ஒயினில் ஒரு டிரிங்க் ஏறிவிடும். துப்புவதற்குக் குவளை வைத்திருப்பார்கள், கூச்சப்பட வேண்டாம், ஒயின்காரர்களே துப்புவார்கள். ஒருவர் குடிக்காமல் ஓட்டுவதுதான் நிம்மதி. மாலை மங்கியதும் கங்காரு சாலையில் பாயும், வேகத்தைக் குறையுங்கள்.

படம் எடுக்க வேண்டுமென்று கேட்காமல் கொடி வரிசைக்குள் இறங்காதீர்கள். வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி விக்டோரியாவின் இந்த மூலையில் உண்டு. செருப்பில் ஒட்டிய மண்ணிலும் டயரிலும் அது அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.

சைக்கிள் பிரியர்களுக்குப் பழைய ரயில் தடத்தில் அமைந்த சைக்கிள் பாதை இருக்கிறது. பீச்வொர்த்திலிருந்து எவர்டன் வரை சுமார் 16 கி.மீ., நெடுக இறக்கம். போகும்போது சிரிப்பு வரும், திரும்பும்போது 300 மீட்டருக்கு மேல் ஏற்றம். கீழே வந்து ஏற்றிக்கொள்ள ஒரு வண்டியைப் பேசி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.