அரசு மருத்துவமனைச் சிறப்பு மருத்துவர் உதவிப் பேராசிரியராக விண்ணப்பிப்பது எப்படி?

தேசிய மருத்துவ ஆணையம் 2025ஆம் ஆண்டு வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிமுறைகளின்படி, 220 படுக்கைகளுக்குக் குறையாத அரசு மருத்துவமனையில் முதுநிலைப் பட்டத்துடன் இரண்டு ஆண்டுகள் சிறப்பு மருத்துவராகப் பணியாற்றியவர், சீனியர் ரெசிடென்சி (முதுநிலைப் படிப்புக்குப் பின் செய்யும் மருத்துவமனைப் பயிற்சிப் பணி) முடிக்காமலேயே மருத்துவக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெறுகிறார். பத்து ஆண்டுகள் பணியாற்றியவர் இணைப் பேராசிரியராகலாம். முதுநிலைப் பட்டம் இல்லாமல் பட்டயம் (டிப்ளமோ) மட்டும் பெற்ற சிறப்பு மருத்துவர்கள், அரசு மருத்துவ நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியிருந்தால் உதவிப் பேராசிரியராக முடியும்.

விண்ணப்பத்தின் உயிர்நாடி அனுபவச் சான்றிதழ்தான். "இங்கே பணியாற்றினார்" என்ற ஒற்றை வரிச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பணியில் சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், பணிபுரிந்த துறை, வகித்த பதவி ஆகியவற்றோடு, அக்காலத்தில் மருத்துவமனைக்கு அனுமதிக்கப்பட்டிருந்த படுக்கைகளின் எண்ணிக்கையும் அதில் இடம்பெற வேண்டும்; அந்த எண்ணிக்கைக்குரிய அரசாணையின் எண்ணையும் குறிப்பிடச் சொல்வது நல்லது. சென்னையிலும் செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களிலும் மாறி மாறிப் பணியாற்றியவர்கள் ஒவ்வொரு மருத்துவமனையிலிருந்தும் தனித்தனியே சான்றிதழ் பெற்று, தேதிகள் பணிப்பதிவேட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முதுநிலைப் பட்டம் பெறுவதற்கு முன் ஆற்றிய பணியை இந்த இரண்டு ஆண்டுகளில் சேர்க்காதீர்கள்.

முதுநிலைத் தகுதியை அரும்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள், பலர் எம்.பி.பி.எஸ். பதிவோடு நின்றுவிடுகிறார்கள்.

இவ்வழியில் உதவிப் பேராசிரியராகச் சேர்பவர், உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பயிற்சியை இரண்டு ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். அதை இணையவழியில் நடத்துவது சென்னையிலேயே உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். பயிற்சி குறிப்பிட்ட சுற்றுகளாகவே நடத்தப்படுவதால், ஒரு சுற்றைத் தவறவிட்டவர் அடுத்ததற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். பணி நியமனம் கைக்கு வரும்வரை பொறுத்திராமல் இப்போதே முடித்துவைப்பதே என் பரிந்துரை.

ஆணையம் தளர்த்தியிருப்பது தகுதி விதியை மட்டுமே; பணியிடத்தை அது தருவதில்லை. மாவட்ட, வட்ட அரசு மருத்துவமனைகளை நிர்வகிக்கும், தேனாம்பேட்டையிலுள்ள மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் கீழ் பணியாற்றுபவர், அரசு மருத்துவக் கல்லூரிகளை நிர்வகிக்கும், கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் பணியிடத்துக்குத் தானாக மாறிவிட முடியாது. மாநில அரசின் பணி விதிகளும் காலியிடங்களுமே அதைத் தீர்மானிக்கின்றன. தனியார் கல்லூரியை நாடுபவர்கள், நியமன ஆணையைக் கையில் வாங்கி, எந்த விதிப் பிரிவின் கீழ் தம்மை ஆசிரியராக ஏற்கிறார்கள் என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டறிந்த பின்னரே அரசுப் பணியிலிருந்து விலகுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.