வீடு கட்டும்போது கார்பனைக் குறைக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

கார்பன் வெளியீட்டைப் பற்றிக் கவலைப்பட்டு வீடு கட்டுபவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கவலை பெரும்பாலும் சோலார் பேனல், எல்இடி விளக்கு, ஐந்து நட்சத்திர ஏசி என்று வீடு முடிந்த பிறகு வாங்கும் பொருட்களோடு நின்றுவிடுகிறது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதில் தொடங்கி ரூஃப் போடும்வரை நடப்பதை அநேகமாக யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை சிமெண்ட், 4 டன் கம்பி என்று மேஸ்திரிகள் வாய்க்கணக்காகவே சொல்வார்கள். 400 மூட்டை என்பது 20 டன். ஓபிசி என்று கடையில் கேட்டு வாங்கும் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் ஒரு டன் தயாரிக்க ஏறக்குறைய 0.85 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அது 17 டன். இந்தியாவில் ஒரு டன் உருக்குக்குச் சராசரியாக 2.5 டன் என்று வைத்தால், கம்பிக்கு இன்னொரு 10 டன். பழைய இரும்பை உருக்கிச் செய்த கம்பி என்றால் இது குறையும். செங்கல், டைல்ஸ், ஜன்னல் எதையும் சேர்க்காமலேயே 27 டன் வந்துவிட்டது.

மாடியில் வைக்கும் 3 கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். நம் மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று பார்த்தால், வருடத்துக்கு 3 டன் மிச்சம். சிமெண்டிலும் கம்பியிலும் போனதை ஈடுகட்டவே ஒன்பது வருடம் ஆகும். சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வையுங்கள். ஆனால் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே காற்றில் கலந்துவிட்டதை அதற்கப்புறம் திரும்ப எடுக்க வழியில்லை. குறைப்பதாக இருந்தால் வரைபடம் மேசையில் இருக்கும்போதே குறைக்க வேண்டும்.

இடிக்க முடிவெடுத்துவிட்டு ஆர்க்கிடெக்டைத் தேடுவது

முப்பது, நாற்பது வருட வீட்டை இடிப்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல நேரங்களில் சரிசெய்யக்கூடியவையாகவே இருக்கும். சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது என்பார்கள். சென்னையில் சுவர்களுக்கு அடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து வீட்டையே சில அடி தூக்கி, புது அடித்தளம் கட்டுகிறார்கள். ரூஃபில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தால், அந்தப் பகுதியைத் தட்டியெடுத்துச் சீர்செய்யும் முறைகள் இருக்கின்றன. எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாதுதான். ஆனால் முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டிவிட்டு, அப்புறம் இடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். நிற்கும் பில்லரையும் அஸ்திவாரத்தையும் அப்படியே பயன்படுத்திக்கொள்வதைவிடப் பெரிய சேமிப்பு எந்தப் புதுப் பொருளிலும் கிடைக்காது.

சிமெண்டைக் கிரேடு பார்த்து வாங்குவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் இழப்பதும் எளிதில் மீட்பதும் இங்கேதான்.

அரியலூர்ப் பக்கம் தோண்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல் சூளையில் சுமார் 1,450 டிகிரி வரை சூடேறி கிளிங்கர் எனும் கட்டியாகிறது, அதை அரைத்தால்தான் சிமெண்ட். அப்போது எரிபொருள் மட்டும் புகை விடுவதில்லை. கல்லே உடைந்து, தனக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. சிமெண்டின் மொத்த வெளியீட்டில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்தே வருவதுதான். சூளைக்கு எவ்வளவு சுத்தமான எரிபொருள் கொடுத்தாலும் இந்தப் பங்கு குறையாது. எனவே நம் கையில் இருக்கும் வழி, மூட்டைக்குள் கிளிங்கரின் அளவைக் குறைப்பது.

பிபிசி எனப்படும் போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்டில் அதுதான் நடக்கிறது. அனல்மின் நிலையங்களில் மிஞ்சும் சாம்பலான ஃபிளை ஆஷ் 15 முதல் 35 சதவீதம்வரை இதில் கலக்கப்படுகிறது. இரும்பு உலைக் கசடு சேர்த்த சிமெண்டான பிஎஸ்சியில் கசடு 70 சதவீதம்வரை போகலாம். உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் கம்பியைத் துருவிலிருந்து காப்பதிலும் பிஎஸ்சி நல்லது. சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்சி3 சிமெண்டுக்கு 2023-ல் இந்தியத் தர நிர்ணயம் வந்துவிட்டது. அதில் கிளிங்கர் பாதியளவுதான்.

ஆனால் கட்டுமான இடத்தில் கேட்பது வேறு. “ரூஃபுக்கும் பில்லருக்கும் 53 கிரேடு ஓபிசிதான் சார், பிபிசியைப் பூச்சுக்கு வச்சுக்கலாம்.” 53 என்பது சிமெண்டைச் சோதனைச்சாலையில் சோதிக்கும்போது 28 நாளில் வர வேண்டிய வலு. உங்கள் வீட்டுக்கு இன்ஜினியர் கேட்டிருப்பது எம்20 அல்லது எம்25 கான்கிரீட், அதாவது 28 நாளில் 20 அல்லது 25 வலு. சரியான விகிதத்தில் கலந்தால் பிபிசியில் அந்த வலு தாராளமாக வரும். 20 டன்னையும் ஓபிசியிலிருந்து பிபிசிக்கு மாற்றினாலே ஐந்து டன் அளவுக்குக் குறையும். பெரும்பாலும் விலையும் மூட்டைக்குக் குறைவுதான்.

பிபிசி வாங்கிவிட்டு ஓபிசி போலவே நடத்துவது அடுத்த தவறு. ஃபிளை ஆஷ் மெதுவாகத்தான் வினைபுரியும், அதுவரை ஈரம் வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-ன்படி ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள் என்றால், இதற்கு 10 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். காற்று காய்ந்து வெயில் கொளுத்தும் காலத்தில் 14 நாள். ரூஃபில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிடுவார்கள், சரி. பில்லருக்குச் சாக்கு சுற்றி இரண்டு நாள் நனைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சான சென்ட்ரிங்கையும் சீக்கிரம் பிரிக்கச் சொல்லி ஒப்பந்ததாரர் அவசரப்படுத்துவார். பிறகு விரிசல் வந்தால் பழி சிமெண்டின் மேல் விழுகிறது, அடுத்த வீட்டுக்காரர் ஓபிசிக்குப் போய்விடுகிறார்.

கலவை இழுக்கவில்லை என்று ஒரு குடம் தண்ணீர் கூட ஊற்றுவதையும் பாருங்கள். நீர்-சிமெண்ட் விகிதம் 0.5 என்றால் ஒரு மூட்டைக்கு 25 லிட்டர்தான், அதுவும் ஈர எம்-சாண்டில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்து. அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் வலுவைக் குறைக்கும். அதைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் சிமெண்ட் போடுவார்கள். தண்ணீருக்குப் பதில் பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனத்தைச் சேர்த்தால் கலவை இளகும், வலுவும் போகாது.

ஆலையில் கலந்த கான்கிரீட் கொண்டுவரும் ஆர்எம்சி வண்டியை வரவழைப்பவர்கள் மிக்ஸ் டிசைன் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கன மீட்டருக்கு ஓபிசி எத்தனை கிலோ, ஃபிளை ஆஷ் அல்லது கசடு எத்தனை கிலோ என்று அதில் இருக்கும். இந்த ஒரு கேள்வியை வீட்டுக்காரர் கேட்டாலே எதிர்முனையில் கவனம் கூடும்.

“ஒரு கம்பி கூடப் போடுங்க”

மண் பரிசோதனை செய்வதில்லை, ஸ்ட்ரக்சுரல் வரைபடம் வாங்குவதில்லை, பக்கத்து வீட்டுக்குப் போட்டதையே போட்டு, பயத்துக்கு ஒரு கம்பி சேர்ப்பது. இதில் கார்பன் வீணாவது ஒரு பக்கம். பீமில் கம்பி அளவுக்கு மேல் போனால் ஆபத்தும் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. அளவான கம்பி உள்ள பீம் சுமை மீறும்போது முதலில் விரிசல் விட்டு, தொங்கி, எச்சரிக்கும். கம்பி மிதமிஞ்சினால் கான்கிரீட் நொறுங்கித் திடீரென உடையும். கம்பி நெருக்கத்தில் ஜல்லி இறங்காமல் பொந்து விழுவது வேறு.

முகப்பு அழகுக்காக நீளமாகத் துருத்தும் பால்கனி, நடுவில் பில்லரே இல்லாத பெரிய ஹால், கீழே கார் நிறுத்துவதற்காக மேல்மாடிப் பில்லரைப் பீமின் மேல் நிறுத்துவது ஆகியவையும் கம்பியையும் கான்கிரீட்டையும் விழுங்கும். அறையின் ஒரு பக்கத்தை இரண்டடி குறைத்தால் தளத்தின் கனமே குறையலாம். தரைத்தளமும் ஒரு மாடியும் போதும் என்றால், மண்ணும் நிலநடுக்க விதியும் இடம்கொடுக்கும் இடங்களில் பாரம் தாங்கும் சுவரே போதுமா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள். பில்லர் இல்லாத வீடு வீடே அல்ல என்ற எண்ணம் சமீபத்தில் வந்ததுதான்.

கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய இரண்டு முறைகளை இங்கே சொல்லியாக வேண்டும். செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ரேட்-டிராப் முறையில் சுமார் கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், சுவரும் சூட்டைத் தடுக்கும். ஃபில்லர் ஸ்லாப்பில், தளத்தின் அடிப்பாகத்தில் பாரத்தைத் தாங்காத கான்கிரீட்டுக்குப் பதில் மங்களூர் ஓடுகளை வைப்பார்கள். பழகிய கொத்தனாரும் வரைபடமும் இல்லாமல் இரண்டிலும் இறங்க வேண்டாம்.

பெயரைப் பார்த்துப் பொருள் வாங்குவது

மண் கல் என்றாலே பசுமை என்று நம்பிவிடுகிறோம். ஆரோவில்லில் பார்வையாளர் மையத்தைச் சுடாத அழுத்த மண் கல்லில் கட்டியிருக்கிறார்கள். அங்கே அந்தக் கல்லுக்கு வழக்கமாகச் சேர்ப்பது சுமார் 5 சதவீதச் சிமெண்ட். அதையே நம் ஊரில் மண்ணைச் சோதிக்காமல், பயத்தில் சிமெண்டை இரட்டிப்பாக்கி, இரண்டு பக்கமும் தடிமனாகப் பூசினால் மிச்சம் எங்கே இருக்கும்? கரிசல் மண் போல வீங்கிச் சுருங்கும் மண்ணுக்கு இந்த அளவுச் சிமெண்ட் போதாது, சுண்ணாம்பு வேண்டும்.

தூரத்தை மட்டும் பார்ப்பதும் தவறாகப் போகும். ஒரு டன் சரக்கை லாரியில் 500 கிலோமீட்டர் கொண்டுவந்தால் சுமார் 50 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எனவே பக்கத்தில் கிடைக்கிறது என்பதற்காக பிபிசியை விட்டு ஓபிசி வாங்குவது நஷ்டம். ஜல்லி, எம்-சாண்ட் விஷயத்தில் தூரம் முக்கியம், ஏனென்றால் எடை அதிகம், தயாரிப்பில் போவது குறைவு. டைல்ஸில் இரண்டும் சேர்கின்றன. குஜராத்தின் மோர்பியில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு, லாரியில் இங்கே வருகிறது. ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதே இல்லை, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காய வைக்கிறார்கள்.

மேற்கு வெயிலை ஏசியால் சமாளிப்பது

மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி, வெறும் கான்கிரீட் மொட்டைமாடி, உள்ளே ஐந்து நட்சத்திர ஏசி. சூட்டை உள்ளே விட்டுவிட்டு மின்சாரம் செலவழித்து வெளியேற்றுகிறோம். மேற்கில் படிக்கட்டு, குளியலறை, சாமான் அறை வந்தால் படுக்கையறை தப்பிக்கும். மொட்டைமாடியில் தட்டோடோ வெள்ளைப் பூச்சோ போடுங்கள். எளிய வெள்ளையடிப்பே மாலையில் அறைக்குள் தெரியும். 2018-ல் வந்த இந்தியக் குடியிருப்பு எரிசக்தி விதியான ஈகோ-நிவாஸ் சம்ஹிதா, சுவர், ஜன்னல் வழியாக நுழையும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என வரம்பு வைத்திருக்கிறது. ஆர்க்கிடெக்டிடம் இந்தக் கணக்கைப் போட்டுத் தரச் சொல்லலாம்.

ஏசியில் பில் மட்டும் பார்ப்பதிலும் ஒன்று விட்டுப்போகிறது, உள்ளே இருக்கும் கேஸ். ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதற்குச் சமம். ஆர்-32 என்றால் 675 கிலோ. ஆர்-290-க்கு அது மிகச் சொற்பம், ஆனால் எளிதில் தீப்பற்றும் என்பதால் பயிற்சி பெற்றவர்தான் மாட்ட வேண்டும். வருடாவருடம் “கேஸ் டாப்-அப்” செய்கிறோம் என்றால் குழாயில் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை அடைக்கச் சொல்லுங்கள். வீடு மாறும்போது ஏசியைக் கழற்ற வருபவர் குழாயை அப்படியே திறந்துவிடாமல், கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூடிய பிறகே கழற்றுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கால் மணி நேர வேலை.